ஏறாமல் இறங்கிய ஆள்

எனக்கு இந்த மாதிரி விஷயத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. பழங்காநத்தத்தில் மாவு மில் ஓட்டினவன் நான். நாள் முழுக்க மோட்டார் சத்தம், மிளகாய் நெடி. அந்த நெடியில் பேய் வந்தாலும் தும்மிக்கொண்டே ஓடிவிடும். வீட்டில் யாராவது புளியமரம், முனி என்று ஆரம்பித்தால் நான் எழுந்து போய்ப் படுத்துவிடுவேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் கூட்டாளி சோணைமுத்து இதை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். அவன் சொல்வதில் அந்த ஆள் பனைமர உயரம் இருப்பார், கால் தரையில் படாது, கண்ணில் வெளிச்சம் வரும். அதெல்லாம் ஒன்றும் இல்லை. நம்மைப் போல ஒரு ஆள். நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன்.

எழுபத்தொன்பதோ எண்பதோ. எங்கள் அம்மாவுக்கு நானும் தங்கச்சி பஞ்சவர்ணமும் இரண்டே பிள்ளைகள். அப்பா இல்லை. தங்கச்சியை மலையில் கட்டிக் கொடுத்திருந்தோம். கொடைக்கானல் போகிற மலைப்பாதையில் ஊத்து என்று ஒரு இடம். அங்கே இருந்து பண்ணைக்காட்டுப் பக்கம் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் அவர்கள் ஊர். காப்பி, வாழை, ஆரஞ்சு. மாப்பிள்ளை தங்கமான ஆள். மாமியாருக்கு மட்டும் கொஞ்சம் வாய்.

அந்த அம்மாள் பேசுவதிலும் தப்புச் சொல்ல முடியாது. அவர்கள் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு நாங்கள் போன வேன் வழியில் நின்றுவிட்டது. வளைகாப்புக்குப் போனபோது மழை, பாறை விழுந்து ரோடு அடைத்துவிட்டது. இரண்டு தடவையும் விசேஷம் முடிந்த மறுநாள்தான் போய்ச் சேர்ந்தோம். அதில் இருந்து மதுரைக்காரர்கள் என்றாலே மறுநாள் வருகிறவர்கள் என்று அந்த வீட்டில் பேராகிவிட்டது.

தங்கச்சி மகள் மீனாவுக்கு ஒன்றரை வயதில் காதுகுத்து வைத்தார்கள். வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டுக்குள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், கம்மலும் மாமன் போட வேண்டும். நான் ஒருவன்தான் மாமன். கம்மல் எடுத்தாயிற்று, கொலுசு எடுத்தாயிற்று, கவுன் தைத்தாயிற்று. அந்த வாரம் பார்த்து பஸ் ஸ்டிரைக்.

புதன்கிழமை காலையில் தங்கச்சி ஊர் லாரி டிரைவர் ஒருவர் மில்லுக்கு வந்தார். லோடோடு தூத்துக்குடி போகிற வழி. சனிக்கிழமைதான் திரும்புவாராம்.

"அண்ணே, பஸ் ஓடலயே, எப்பிடி வரப் போறீக?"

"பாக்கணும்."

"அங்க ஒங்க தங்கச்சி மாமியா இப்பவே ஆரம்பிச்சிருச்சு. மதுரைக்காரக மறுநாள்தான வருவாக, நம்மளே ஒரு கம்மல எடுத்து வச்சுக்கிருவோம், எந்த மடியா இருந்தா என்ன, காதுல ஓட்ட விழுந்தாச் சரின்னு."

"தங்கச்சி என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. அடுப்படிக்குள்ள போயிருச்சு."

அது போதும் எனக்கு. வாய்க்கு வாய் பேசுகிற பிள்ளை அது. அடுப்படிக்குள் போய்விட்டது என்றால் அழுகிறது என்று அர்த்தம். மற்றவர் மடியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் அந்தப் பேச்சு அதோடு போகாது. அந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் அவள் அதைக் கேட்க வேண்டும்.

மோட்டாரை நிறுத்தினேன். நேரே வில்லாபுரம் போனேன். சோணை அங்கே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான்.

"மாப்ள, ரெண்டு நல்ல சைக்கிள் குடு."

"எங்க போகணும்?"

"மலைக்கு."

"பரங்குன்றமா?"

"கொடைக்கானல் மலை."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஒனக்கு எதுக்கு ரெண்டு? ஒண்ணு ஒடைஞ்சா மத்ததுல தாவி ஏறிக்கவா?"

"இன்னொண்ணு ஒனக்கு."

எழுந்து கையைத் துடைத்தான். அப்புறம் கடையின் பலகையை எடுத்து ஒவ்வொன்றாகச் சொருக ஆரம்பித்தான். அவன் அப்படித்தான். ஊருக்கே வாய் பேசுவான், கூட வா என்றால் கேள்வி கேட்க மாட்டான்.

மத்தியானம் கிளம்பினோம். தட்டு, தேங்காய், பழம், கவுன் எல்லாம் துண்டில் மூட்டை கட்டி சோணை கேரியரில். கம்மலும் கொலுசும் என் இடுப்பு வேட்டி மடியில். பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி. பஸ் இல்லாத ரோடு அவ்வளவு அழகாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் நெல் வயல், காற்று பின்னால் இருந்து தள்ளுகிறது, சோணை கையை விட்டுவிட்டு ஓட்டுகிறான், வாய்க்கு வந்ததைப் பாட்டாகப் பாடுகிறான். கொடைரோட்டில் டீ, நிலக்கோட்டையில் பூ. வத்தலக்குண்டில் இருட்டிவிட்டது. ஒரு நெல் களத்தில் துண்டை விரித்துப் படுத்தோம். அடித்துப் போட்ட தூக்கம்.

விடியும்போது மலையடிவாரத்தில் இருந்தோம். ஏறுகிற லாரி ஏதாவது கிடைக்கும் என்று ஒரு நினைப்பு இருந்தது. அங்கே டீக்கடைக்காரர் சிரித்தார். காய்கறி லாரி எல்லாம் காலையில் இறங்கும், ஏறுவது சாயங்காலம்தான் என்றார். சரி, மிதிப்போம் என்று கிளம்பினோம்.

மிதிப்பது எங்கே. நாலு வளைவுக்கு மேல் மிதிக்க முடியவில்லை. சமமாக இருக்கிற இடத்தில் ஏறிக்கொள்வது, மேடு வந்தால் இறங்கித் தள்ளுவது. பனி இறங்கி நின்றது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியாது. இலையில் இருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தமும் எங்கள் மூச்சும்தான். மதுரைக்காரனுக்கு அந்தக் குளிர் புதுசு. சோணை கவுன் மூட்டையை மேலே போர்த்திக்கொள்ளலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மேலே இருந்து சர்ர்ர் என்று. யாரோ ரோட்டைப் பெருக்குகிற மாதிரி.

"மாப்ள, காட்டுக்குள்ள யாரோ வாசல் கூட்டுறாகடா."

மணி அடித்தது. பனிக்குள் இருந்து ஒரு ஆள் சைக்கிளில் இறங்கி வந்தார். நாற்பது வயது இருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளைப் பனியன், தலையில் ரோஸ் கலர்த் துண்டு. சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பெரிய கொப்பு, இலையும் தழையுமாகக் கயிற்றில் கட்டி ரோட்டில் இழுபட்டு வந்தது. எங்களைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றார்.

சோணை சும்மா இருக்க மாட்டானே. "என்னண்ணே, ஆட்டுக்குக் குழையா? எம்புட்டு ஆடு வச்சிருக்கீக?"

அந்த ஆள் சிரித்த சிரிப்பு மலையில் எதிரொலித்தது. முன்பல் ஒன்று இல்லை. "மதுரைப் பக்கமா?"

"எப்பிடிண்ணே கண்டுபிடிச்சீக?"

"இத ஆட்டுக் குழைன்னு கேக்குற ஆளு வேற எங்கருந்து வருவான். இது பிரேக்குப்பா. ரப்பர நம்பி இந்த மலையில எறங்குனா நேரா டேமுக்குள்ள போயித்தான் நிக்கணும். கொப்பு இழுபட்டாத்தான் வண்டி நம்ம சொன்னதக் கேக்கும்."

மூட்டையில் தட்டின் விளிம்பு தெரிந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"காதுகுத்தா? மாமனா நீயி?"

"ஆமா."

"எந்நேரத்துக்குள்ள?"

"பன்னெண்டுக்குள்ள."

மேலே பார்த்தார். அப்புறம், "தள்ளுங்க, தள்ளுங்க. மாமன் இல்லாமக் குத்த விடலாமா?" என்று சொல்லிவிட்டு மணியை அடித்துக்கொண்டே இறங்கிப் போனார். சர்ர்ர் என்ற சத்தம் கீழே கீழே போய் நின்றது.

இதில் ஒன்றும் இல்லை. மலை ரோட்டில் ஒரு ஆள் இறங்கினார், அவ்வளவுதான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

வெயில் வந்தது. பனி விலகினதும் கீழே மொத்தத் தேசமும் தெரிந்தது. அணைத் தண்ணீர் ஒரு தட்டு மாதிரி கிடந்தது. எங்கள் பக்கத்துச் சமவெளி முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாக. அந்த மூலையில் எங்கேயோ என் மாவு மில் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து சோணை பயந்துபோனான். மில்லில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

டம்டம் பாறையில் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் குரங்கு ஒன்று மூட்டைக்குள் கையை விட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. சோணை கல்லை எடுத்துக்கொண்டு துரத்தினான். குரங்கு மரத்தில் உட்கார்ந்து உரித்துத் தின்றுகொண்டே அவனைப் பார்த்தது.

"போனாப் போகுது மாப்ள. வாழைத் தோட்டத்துக்கு வாழைப்பழத்தச் சீராக் கொண்டு போற ஆளு ஒலகத்துலயே நம்ம ரெண்டு பேருதான். அதுக்காச்சும் ஒதவட்டும்."

அங்கே இருந்து இரண்டு வளைவு தாண்டியிருப்போம். மேலே இருந்து சர்ர்ர்.

அதே ஆள். அதே ரோஸ் துண்டு. அதே மணி. பின்னால் கொப்பு, இலை வாடாமல் அப்போது வெட்டின மாதிரி. எங்கள் எதிரே இறங்கி வந்து நின்றார்.

சோணை வாயைத் திறந்தபடி நின்றான். அந்த ரோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் பாறைச் சுவர், ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். கீழே போன ஆள் மேலே வர வேண்டும் என்றால் எங்களை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு ஈ, காக்கா எங்களைத் தாண்டி மேலே போகவில்லை. குறுக்குப் பாதை இருந்தாலும் ஆள் ஏறலாம். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏற முடியுமா?

சோணைதான் கேட்டான். "அண்ணே, எப்பண்ணே ஏறுனீக?"

"ஏறாம எப்பிடிப்பா எறங்குறது?" என்று திரும்பக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

ஹேண்டில் பாரில் தொங்கின பையில் இருந்து இரண்டு ஆரஞ்சுப் பழம் எடுத்துக் கொடுத்தார். "தின்னுக்கிட்டே தள்ளுங்க. தெம்பா இருக்கும்." போய்விட்டார்.

பழத்தைத் தின்றோம். அவ்வளவு இனிப்பு. ஆவி பழம் கொடுக்குமா, அதில் கொட்டை இருக்குமா? நான் கொட்டையைத் துப்பிக்கொண்டே நடந்தேன். சோணை திரும்பித் திரும்பிக் கீழே பார்த்துக்கொண்டே தள்ளினான். அப்புறம் இது ரெட்டைப் பிறவி, ஒருத்தர் முன்னால், ஒருத்தர் பின்னால் இறங்குகிறார்கள் என்று அவனே ஒரு முடிவுக்கு வந்து, பழைய மாதிரி பாட ஆரம்பித்துவிட்டான்.

ஊத்துக்கு முன்னால் என் கால் மடக்கிக்கொண்டது. ஆடுசதை கல்லாகிவிட்டது. ஒரு மைல் கல்லில் உட்கார்ந்தேன். சோணை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நானே பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டிவிட்டது.

அவ்வளவுதான் என்று தோன்றியது. இந்நேரம் ஆசாரி ஊசியை எடுத்திருப்பார். யாரோ மடியில் பிள்ளை அழுதுகொண்டு இருக்கும். தங்கச்சி அடுப்படியில் நிற்பாள். மூன்றாவது தடவையும் நான் மறுநாள்காரன்தான். மடியில் கம்மல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது. இருந்து என்ன செய்ய.

"மாப்ள, எந்திரிடா," என்றான் சோணை.

"எதுக்கு? சாப்புடவா?"

அவன் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பான். அதற்குள் மேலே இருந்து சர்ர்ர்.

மூன்றாவது தடவை. அதே ஆள் இறங்கி வந்தார். இந்தத் தடவை சைக்கிளை நிறுத்தவில்லை, மெதுவாக ஓட்டிக்கொண்டே கத்தினார்.

"ஏம்ப்பா உக்காந்துட்ட? நான் சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். ராகுகாலம் ஒன்றரைக்குத்தான். அதுக்குள்ள குத்திக்கிறலாம். புள்ள அழுகாம உக்காந்திருக்கு. எந்திரி, எந்திரி!"

எங்களைத் தாண்டிப் போனார். கொப்பின் இலை என் காலில் உரசிப் போனது. ஈரமாக இருந்தது. எனக்குப் பயம் எல்லாம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் அப்படி, நம் வீட்டு விசேஷத்தில் நம் ஆள் ஒருவர் விரட்டுகிற மாதிரி இருந்தது. எழுந்தேன். கால் வலி இருந்ததா என்று நினைவில்லை.

ஊத்தில் இருந்து ரோடு கொஞ்சம் சமம், கொஞ்சம் இறக்கம். மிதித்தோம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் வெயில் வரிவரியாக விழுந்தது. சோணை எனக்கு முன்னால் போய் மணியை விடாமல் அடித்தான். கடைசி வளைவு திரும்பினதும் பந்தல் தெரிந்தது. ஜனமும் தெரிந்தது. அத்தனை பேரும் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"மாமன் வந்தாச்சு! மாமன் வந்தாச்சு!"

மாப்பிள்ளை ஓடி வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். தங்கச்சி இடுப்பில் பிள்ளை. மொட்டைத் தலை, சந்தனம். அழுகிற முகம் இல்லை, நல்ல சிரிப்பு. தங்கச்சிதான் அழுதாள். "வந்துட்டியாண்ணே" என்று அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள். மாமியார் தானே தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றார். "காலக் கழுவிட்டு வாங்க தம்பி, நேரம் கெடக்கு" என்றார். அந்த வாயில் அப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கால் கழுவினேன். மணையில் உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஒரு காது குத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன், பிள்ளை கத்தப் போகிறது என்று. சத்தமே இல்லை. திறந்து பார்த்தால் அது ரோட்டுப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு இருக்கிறது. அடுத்த காதும் குத்தியாயிற்று. அப்போதும் சிரிப்புத்தான். ஆசாரியே சொன்னார், "எத்தனையோ காதுக குத்திட்டேன், இப்பிடி ஒரு புள்ளயப் பாத்ததில்ல." ரோட்டில் யாரும் இல்லை. நானும் திரும்பிப் பார்த்தேன்.

கம்மல் போட்டேன். கொலுசு போட்டேன். அப்புறம்தான் தங்கச்சி கேட்டாள்.

"ஒங்க ஆளு எங்கண்ணே? மில்லுல புதுசாச் சேந்தவரா?"

"எந்த ஆளு?"

"நீ அனுப்பிவிட்டியே, அவருதான்."

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பதினொரு மணி வாக்கில் ஒரு ஆள் சைக்கிளில் ஏறி வந்தாராம். காக்கி அரைக்கால் சட்டை, ரோஸ் துண்டு, முன்பல் ஒன்று இல்லை. கொப்பு எதுவும் கிடையாது. மூச்சு வாங்கக்கூட இல்லை. சைக்கிளைப் பலா மரத்தில் சாய்த்துவிட்டு, "மாமன் டம்டம் பாறை தாண்டிட்டாரு, அவசரப்படாதீக"ன்னு சத்தமாகச் சொன்னாராம். மாமியார், "நீ யாருப்பா?" என்று கேட்டதற்கு, "நானும் அந்த வீட்டு ஆளுதான் ஆத்தா" என்றாராம். மொட்டை அடித்ததில் பிள்ளை ஓயாமல் அழுதுகொண்டு இருந்தது. அவர் கையை நீட்டினாராம், பிள்ளை தாவிப் போய்விட்டதாம். பந்தலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார், அதோடு அழுகை நின்றது. ஆசாரி இரண்டு தடவை அவசரப்படுத்தியபோதும், "மாமன் வரட்டும்"னு சொல்லி அவர்தான் நிறுத்தி வைத்தாராம்.

"எந்நேரம் வரைக்கும் உக்காந்திருந்தாரு?" என்று கேட்டேன்.

"வளைவுல நீங்க மணி அடிச்சீகல்ல, அது கேக்குற வரைக்கும். அப்பத்தான் புள்ளய எங்கிட்டக் குடுத்துட்டு, மாமன் வந்தாச்சுன்னு எந்திரிச்சாரு."

"நடுவுல எங்கயும் போகலயா?"

"எங்க போறது? புள்ள அவரு மடியிலல்ல இருந்துச்சு. இத்தன பேரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

சோணையைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். பன்னிரண்டு மணிக்கு மேல் ஊத்துக்குக் கீழே என் காலில் இலை உரசிப் போனது எனக்குத் தெரியும். அதே நேரம் அவர் அங்கே பந்தலில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார் என்று ஒரு ஊரே சொல்கிறது. நாங்கள் அவர் இறங்கினதை மட்டும் பார்த்தோம். அவர்கள் அவர் ஏறி வந்ததை மட்டும் பார்த்தார்கள். பலா மரத்தில் சைக்கிள் இல்லை. எடுத்துக்கொண்டு போனதை யாரும் பார்க்கவில்லை.

நான் தங்கச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிற வீட்டில் இதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது.

பந்தி போட்டார்கள். மாமியார் என்னையும் சோணையையும் முதல் வரிசையில் உட்கார வைத்தார். எனக்கு இடப்பக்கம் ஒரு இலையைக் காலியாகப் போடச் சொன்னார். "நல்ல சேதி கொண்டாந்த மனுசன். கை கழுவப் போயிருப்பாரு, வரட்டும்." அந்த இலைக்கும் பரிமாறினார்கள். எனக்குப் பசி என்றால் பசி. தலையைக் குனிந்தவன் நிமிரவில்லை. சோறு, குழம்பு, ரசம், பாயாசம். சாப்பிட்டு முடித்து நிமிர்ந்து பார்க்கிறேன். இடப்பக்க இலை வழித்துச் சாப்பிட்டு, உள்பக்கமாக மடித்துக் கிடக்கிறது.

"மாப்ள, இங்க யாருடா உக்காந்தா?"

"நான் என் எலயத் தவுர எதையும் பாக்கல மாப்ள."

பரிமாறின ஆளைக் கேட்டேன். அவர் வாளியோடு நின்று யோசிக்கக்கூட இல்லை. "ஒங்க பக்கத்துலதான்ணே உக்காந்து சாப்புட்டாரு. பாயாசம் ரெண்டு தடவ கேட்டு வாங்குனாரு. நீங்ககூட அவருக்குத் தண்ணி டம்ளர நகத்தி வச்சீகளே."

நான் வைத்தேனாம். எனக்கு நினைவில்லை. சத்தியமாக இல்லை.

மறுநாள் காலையில் இறங்கினோம். நாங்களும் ஆளுக்கு ஒரு கொப்பு வெட்டிக் கட்டிக்கொண்டோம். அந்த இறக்கத்தை நான் சொல்லி முடியாது. நேற்று நாய்படாத பாடு பட்டு ஏறின ரோடு, மிதிக்காமல் கீழே ஓடுகிறது. பின்னால் கொப்பு சர்ர்ர் என்று வருகிறது. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்புகிறது. சோணை ஒவ்வொரு வளைவிலும் எதிரே யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். யாரும் வரவில்லை. இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்பே ஊத்து டீக்கடையில் விசாரித்திருந்தான்.

"ஏண்ணே, இந்த ரோட்டுல சைக்கிள்ல போயி யாராச்சும் செத்திருக்காகளா?"

கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "காலங்காத்தால என்ன பேச்சுய்யா இது? நான் கடை போட்ட நாள்ல இருந்து ஒரு சைக்கிள்காரனுக்குச் சிராய்ப்புகூட ஆனதில்ல. டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு."

அங்க அடையாளம் சொன்னோம். பல், துண்டு எல்லாம் சொன்னோம். அப்படி ஒரு ஆளை அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் மறுநாள்காரன் என்ற பேச்சு நின்றது. மாமியார் சாகிற வரைக்கும் எது என்றாலும் "மாமன் வரட்டும்" என்பார். தங்கச்சிக்கு அதற்குப் பின்னால் ஒரு பையன். அவன் காதுகுத்துக்கு பஸ்ஸில் முதல்நாளே போய் உட்கார்ந்துகொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பையன் ஊரைக் கூட்டி அழுதான்.

என்னை உறுத்துகிறது வேறு. மீனாவுக்குப் பேச்சு வந்த நாளில் இருந்து அவள் என்னைக் கூப்பிடுவது "சின்ன மாமா" என்றுதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் எல்லோரும் திருத்திப் பார்த்தார்கள். அவள் தம்பி மாமா என்றுதான் கூப்பிடுகிறான். அவளுக்கு மட்டும் அப்படித்தான் வருகிறது. அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், எனக்கு முன்னால் ஏதாவது பிறந்து தவறிப் போனதா என்று. "நீதாண்டா தலைச்சன். ஒனக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல" என்று ஏசிவிட்டாள்.

மீனாவுக்கு இப்போது கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கே.கே. நகரில் இருக்கிறாள். போன மாதம் போயிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"நான் சின்ன மாமான்னா, பெரிய மாமா யாரு தாயி?"

காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்தவில்லை. "அவருதான் இப்ப வர்றதில்லையே சின்ன மாமா" என்றாள். சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள்.